டேங்கரின் கண்ணில் ஒரு சொட்டு

இடது கை தாடையின் அடியில் ஏந்தலாகக் கிடந்தது. வலது கையின் விரலில் சுற்றியிருந்த பழைய வேட்டித் துணி, மூக்குக்கு மேலிருந்த தோல் மடிப்புக்குள் நுழைந்து ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே இழுப்பில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது. துணியைத் திருப்பி, சுத்தமான பக்கத்தை விரலுக்குக் கொண்டுவந்து, அடுத்த மடிப்பு. ஈரத் துணி முடிந்ததும் காய்ந்த துணி. பிறகு கண். ஓரத்தில் பிசின்போலக் கட்டியிருந்த பீளையின் மேல் நனைத்த பஞ்சை வைத்து, அது ஊறும்வரை பொறுத்து, இழுக்காமல் எடுத்தன அந்தக் கைகள். அப்புறம் வலது உள்ளங்கையின் அடிப்பகுதி நாயின் நெற்றிமேல் பாரமாக உட்கார்ந்தது. சுண்டுவிரல் மேல் இமையைச் சற்று உயர்த்தியது. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த சின்னக் குப்பியிலிருந்து ஒரே ஒரு சொட்டு விழுந்தது.

கை உடனே விலகவில்லை. காத்திருந்தது. நாய் ஒருமுறை இமைத்தது. அதன் பிறகுதான் பிடி தளர்ந்தது.

"முடிஞ்சுதா பூசை?" வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்த நாச்சிமுத்து கேட்டார்.

"இன்னொரு கண்ணு இருக்குதுங்க."

"முப்பது வருசத்துல எனக்கு ஒரு நாளாச்சும் மூஞ்சி தொடச்சு உட்டிருக்கியா புள்ள?"

"உங்க மூஞ்சில இத்தன மடிப்பு இல்லீங்களே. வரட்டும், அப்பறம் பாக்கலாம்."

மார்கழிக் குளிருக்கு நாய் பெருமூச்சு விட்டது. அது மூச்சு விட்டால் அடுத்த அறையில் கேட்கும். தூங்கினால், முழுப் பாரம் ஏற்றிய லாரி மலையேறுவது போலிருக்கும். அதனால்தான் வந்த முதல் நாளே நாச்சிமுத்து அதற்கு டேங்கர் என்று பெயர் வைத்தார். அவர் ஓட்டுவது கேஸ் டேங்கர். பெட்டை நாய்க்கு இப்படி ஒரு பெயரா என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். நாயோ இரண்டாவது நாளிலேயே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தது.

இரண்டாவது கண்ணும் இமைத்ததும், அந்தக் கைகள் அடுப்பிலிருந்து வேகவைத்த முட்டை நான்கை எடுத்தன. இரண்டு நாச்சிமுத்துவுக்கு, இரண்டு டேங்கருக்கு. உரித்த ஓடுகளை ஒரு கைப்பிடிக்குள் நொறுக்கி, கிணற்றடிக்குப் போகும் வழியிலிருந்த கறிவேப்பிலைச் செடியின் தூரில் போட்டன. எல்லாம் பழக்கத்தில் நடந்தது.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் வசந்தாமணி. வயது ஐம்பத்திரண்டு. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் சாலையில், தார்ச் சாலையை விட்டு உள்ளே இறங்கி நடந்தால் விவசாயக் காட்டுக்கு நடுவில் வீடு. இருபத்தெட்டு வயதில் கோழிப் பண்ணைகளுக்குத் தடுப்பு மருந்து போடும் செட்டில் சேர்ந்தார். இன்றைக்கு எட்டுப் பெண்கள் கொண்ட அந்த செட்டை நடத்துவது அவர்தான். பிறந்து ஐந்தாறு நாளான கோழிக்குஞ்சைக் கையில் எடுத்து, கண்ணில் ஒரு சொட்டு விட்டு, அந்தப் பக்கம் விடவேண்டும். ஒரு காலைப்பொழுதில் ஒருத்திக்கு இரண்டாயிரம் குஞ்சு. அந்த மருந்தில் நீலச் சாயம் கலந்திருக்கும். சொட்டு சரியாக உள்ளே இறங்கியிருந்தால் சற்று நேரத்தில் குஞ்சின் நாக்கு நீலமாகும். நூற்றுக்குப் பத்துக் குஞ்சையாவது பிடித்து வாயைத் திறந்து பார்ப்பார் வசந்தாமணி. நாக்கில் நீலம் தெரிந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும்.

இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. குப்பியை எப்படிப் பிடிப்பது என்று முதல் நாள் ஒரு மருத்துவர் காட்டினார், அவ்வளவுதான். மற்றதெல்லாம் பார்த்துப் பார்த்து வந்தது. ஒன்று மட்டும் பட்டு வந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், மருந்து போட்ட ஒரு கொட்டகையில் ஒரு மூலைக் குஞ்சுகள் மட்டும் கழுத்துத் திருகிச் செத்தன. மருந்துப் பெட்டியில் ஐஸ் போதவில்லை என்றார்கள், வெயில் என்றார்கள். ஆனால் அந்த நாள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க அவசரமாக, சொட்டு விழுந்ததா இமைமேல் வழிந்ததா என்று பார்க்காமல் குஞ்சுகளை விட்டது வசந்தாமணிக்கு நினைவிருந்தது. அந்த மூலை தன் கைபட்டதா, பக்கத்திலிருந்தவள் கைபட்டதா என்பது இன்றுவரை தெரியாது. அன்று முதல், குஞ்சு இமைக்கும்முன் அவர் கை அதை விட்டதில்லை. சந்தேகம் என்றால் மறுபடி முதலிலிருந்து. செட்டில் புதிதாக வருகிறவர்கள் இதற்காகவே அவரைத் திட்டுவார்கள்.

இந்தக் கைகளைப் பார்த்துத்தான் பிரவீனா வந்தாள். நாமக்கல்லில் கோழிகளுக்கு நோய் பரிசோதிக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. ஊர் சேலம். அங்கே நாலைந்து பேராகச் சேர்ந்து, தெருவில் விடப்பட்ட நாய்களை எடுத்துத் தேற்றி நல்ல வீடு பார்த்துக் கொடுக்கிறார்கள்.

"அக்கா, உங்க நாயன்பெல்லாம் எனக்கு வேணாம். உங்க கை வேணும்" என்று ஆரம்பித்தாள். "ஒரு நாய்க்குத் தெனம் ரெண்டு தரம் கண்ணுல மருந்து விடணும். எங்க ஆளுங்க யாருக்கும் கடிபடாம விடத் தெரியல."

அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஆத்தூர் சாலையில், மூடிக்கிடந்த ஒரு கடையின் ஷட்டர் முன்னால் கிடைத்தது அந்த புல்டாக். எட்டு ஒன்பது வயதிருக்கும். குட்டி போட வைத்து விற்கிற யாரோ, இனி குட்டி தங்காது என்று தெரிந்ததும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். கண்ணில் நீர் சுரக்கவில்லை. தோல் முழுக்கச் சொறி, காதில் சீழ், பின்னங்கால் மூட்டில் வலி. எடுத்துக்கொண்ட முதல் வீடு நாற்றம் தாங்கவில்லை என்று திருப்பி அனுப்பியது. இரண்டாவது வீட்டில் ராத்திரியெல்லாம் சொறிகிறது, குறட்டை விடுகிறது என்றார்கள்.

"வளக்கறதுக்குக் கேக்கலக்கா. ஆளாக்கிக் குடுங்க. ஏற்காட்டுல ஒருத்தர் இருக்காரு, சந்திரசேகர்னு. மின்வாரியத்துல இருந்து ரிட்டையர் ஆனவரு. அவர்கிட்ட இருந்த புல்டாக் போன வருசம் செத்துப்போச்சு. இன்னொரு வயசான நாய் வேணும்ங்கறாரு. ஆனா தனி ஆளு, கை வேற நடுங்கும். 'நோய் என்னன்னு கண்டுபிடிக்கிற வேலை என்னால ஆகாது, இதுதான் சாப்பாடு, இதுதான் மருந்துன்னு முடிவா சொல்லிக் குடுங்க, சாகற வரைக்கும் பாத்துக்கறேன்' அப்படிங்கறாரு. மலை குளிர்ச்சி. இந்த சாதிக்கு வெயில் ஆகாது, மூக்கு சப்பை, மூச்சு எடுக்க முடியாது. பங்குனி பொறக்கறதுக்குள்ள மேல ஏத்திடணும்க்கா. இல்லன்னா இந்த வெயில் அதைக் கொண்டுபோயிடும்."

வசந்தாமணி நாயைப் பார்த்தார். நாய் அவரைப் பார்க்க முயன்று, பீளை கட்டிய கண்களைச் சுருக்கியது.

"ஒறம்பரைக்கு வந்திருக்குது, இருந்துட்டுப் போகட்டும்" என்று விருந்தாளிக்குச் சொல்வதுபோல நாச்சிமுத்து சொல்லிவிட்டார். "திரும்பிப் போகாத ஒறம்பரையா ஆயிராமப் பாத்துக்க."

கண்ணும் மடிப்பும் மூன்று வாரத்தில் வழிக்கு வந்தன. நாற்றம் போயிற்று. பண்ணைக்குக் கிளம்பும்முன் குளித்து, வேறு சேலை மாற்றி, நாயின் மயிர் ஒன்றுகூட ஒட்டாமல் போவார் வசந்தாமணி. திரும்பியதும் முதல் வேலை டேங்கர். ஆனால் சொறி மட்டும் அடங்கவில்லை. வயிறும் அக்குளும் சிவந்து, காதைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து ரத்தம் வந்தது. பொங்கல் முடிந்ததும் பிரவீனாவோடு கால்நடை மருத்துவர் சிவபிரகாஷிடம் கொண்டுபோனார்.

மருத்துவர் ஒரு காகிதப் பட்டையைக் கண்ணோரம் செருகி ஈரம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார். முதலில் சேலத்தில் பார்த்தபோது நாலு கோடு. இப்போது ஒன்பது. "கண்ணு நல்லா வருதுங்கம்மா. யாரு மருந்து விடறது?"

"நான்தாங்க."

தோலைச் சுரண்டிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். பூச்சி இல்லை. "சாப்பாடு என்னங்கம்மா?"

வசந்தாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "முட்டைங்க. காலைல ரெண்டு, பொழுதோட ரெண்டு. ஞாயித்துக்கெழமைன்னா கோழி. ஒரு நாளும் குறை வச்சதில்லைங்க."

"நல்லாத்தான் கவனிக்கிறீங்க. அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்குது."

"முட்டையாங்க?"

"முட்டையும் கோழியும் சில நாய்க்கு ஒத்துக்காதுங்கம்மா. ஒடம்பு அதை எதிரியா நெனச்சுக்கும்."

"ஏனுங்க டாக்டரு, நாமக்கல்லுல உக்காந்துக்கிட்டு முட்டை ஆகாதுங்கறீங்களே. வெளிய கேட்டா உங்களுக்கு ஊடு வாடகைக்குத் தர மாட்டாங்க."

சிவபிரகாஷ் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: எட்டு வாரம். மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மட்டும். இதுவரை அது தின்னாத ஒன்றைக் கொடுத்தால்தான் எது ஆகவில்லை என்று தெரியும். வேறு ஒரு வாய்கூட உள்ளே போகக்கூடாது. போனால் எண்ணியது வீண், மறுபடி முதல் நாளிலிருந்து.

அந்தச் சட்டம் வசந்தாமணிக்குப் பிடித்திருந்தது. அவருடைய சட்டம்தான் அது. தை பதினொன்றில் நாள்காட்டியில் ஒரு வட்டம் போட்டார். எட்டாவது வாரம் பங்குனி முதல் வாரத்தில் முடியும். பிரவீனா சொன்ன கெடு ஒரு வாரம் தாண்டும், ஆனாலும் வெயில் முற்றுவதற்குள் மலைக்குப் போய்விடலாம்.

மோகனூர் காவிரிக் கரையிலிருந்து ஜிலேபி மீன் வாங்கிவந்து வேகவைத்து, முள்ளை ஒவ்வொன்றாக விரலால் தடவி எடுத்து, கிழங்கோடு பிசைந்து வைத்தார். டேங்கர் முதல் இரண்டு நாள் தட்டைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தது. மூன்றாம் நாள் தட்டு பளபளத்தது. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். சொறி குறைவதுபோல் இருக்கும். மறுநாள் காது மறுபடி சிவக்கும். நான்காவது வார முடிவில் வயிற்றில் புதுசாகத் தடிப்பு எழுந்தது.

வசந்தாமணி ஒரே முடிவுக்கு வந்தார். மங்களூர் நடை போய்விட்டு அன்றுதான் வீட்டுக்கு வந்திருந்தார் நாச்சிமுத்து.

"நீங்கதான் முட்டை குடுத்திருக்கறீங்க."

"நானா? ஏம்புள்ள, மங்களூர்ல இருந்து இங்க வீசி எறிஞ்சனா?"

"போன வாரம் ஊட்டுல இருந்தீங்கல்ல. அது மூஞ்சியத் தூக்கிப் பாத்தா உங்களுக்கு மனசு கேக்காது. ஒரு வாய் ஆம்லெட்டுதானன்னு குடுத்திருப்பீங்க."

"சாமி சத்தியமா குடுக்கல."

"சத்தியமெல்லாம் வேண்டாம். நாயி வகுறு சொல்லுது."

இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சு இல்லை. நாச்சிமுத்துவின் தட்டில் மோரும் சோறும் மட்டும் விழுந்தன. அவரும் வீம்புக்குக் கேட்கவில்லை. டேங்கர் மட்டும் இருவர் காலடியிலும் மாறி மாறிப் படுத்துக் குறட்டை விட்டது.

மூன்றாம் நாள் ஞாயிறு. குஞ்சுப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, காலையிலிருந்து நாயையே பார்த்துக்கொண்டிருந்தார் வசந்தாமணி. சமையலும் செய்யவில்லை. குஞ்சின் கண்ணைப் பார்க்கிற பார்வை அது. பதினொரு மணிபோல டேங்கர் எழுந்தது. முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. தண்ணீர்ச் சட்டியைத் தாண்டி, கோணல் காலால் ஆடி ஆடி நடந்து, கறிவேப்பிலைச் செடியின் தூரில் போய்ப் படுத்தது. மண்ணை நக்கியது. நெறுக் நெறுக் என்று சத்தம் கேட்டது.

வசந்தாமணி ஓடிப்போய் அதன் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாக முட்டை ஓடு. உள் தோல் ஒட்டிய ஓடு.

எத்தனை வருடப் பழக்கம் அது. முட்டை உரித்தால் ஓடு செடிக்கு. நாய்க்கு முட்டையை நிறுத்தியவர், வீட்டுக்காரருக்கு நிறுத்தவில்லையே. வட்டம் போட்டு நான்கு வாரம் எண்ணியவர், நாச்சிமுத்து வீட்டிலிருந்த காலைகளிலெல்லாம் தன் கையாலேயே நொறுக்கிப் பரிமாறியிருக்கிறார்.

டேங்கரின் வாயிலிருந்த ஓட்டுத் துணுக்குகளை விரலால் வழித்தெடுத்தார். பிறகு உள்ளே போய்க் காப்பி போட்டு, கட்டிலில் படுத்திருந்த நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

"ஏனுங்க."

"ம்."

"நீங்க முட்டை குடுக்கல."

"நான்தான் அன்னைக்கே சொன்னனே. பின்ன யாரு குடுத்தது?"

"நான்தான்."

விஷயத்தைக் கேட்ட நாச்சிமுத்துவுக்குக் காப்பி புரையேறியது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அப்ப ரெண்டு நாளா எனக்கு வெறும் மோருஞ்சோறு போட்டது?"

"அதுவும் நான்தான்."

அன்று மதியமே கோழிக் குழம்பு வைத்தார். தின்ற எலும்பைக் காட்டுக் கடைசிவரை நடந்துபோய்க் குழி தோண்டிப் புதைத்தார். சாயங்காலம் இருவருமாகச் செடியைச் சுற்றி ஒரு முழ ஆழத்துக்கு மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு, புது மண் போட்டுச் சுற்றிலும் கல் அடுக்கினார்கள். நாள்காட்டியில் பழைய வட்டத்தின்மேல் ஒரு கோடு விழுந்தது. மாசி பத்தில் புது வட்டம்.

வெளியாள் யாரும் பார்க்கவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் மருத்துவருக்கும் பிரவீனாவுக்கும் அன்றே போன் போட்டு, நடந்ததை அப்படியே சொன்னார். பிரவீனா மறுநாள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

"அக்கா, இன்னும் எட்டு வாரம்னா சித்திரை ஆயிடும். அந்த வெயில்ல இது உயிரோட இருக்காது. டாக்டர் ஒரு ஊசி போட்டா அரிப்பு உடனே அடங்கிடும், ரெண்டு வாரத்துக்குத் தோலு பளிச்சுன்னு இருக்கும். போட்டுட்டு மலைக்கு அனுப்பிடலாம்க்கா. உசுராவது தங்கும்."

"ரெண்டு வாரம் கழிச்சு?"

பிரவீனா டேங்கரின் சிவந்த காதைத் திருப்பிப் பார்த்தாள்.

"மறுபடி சொறியும். எதனாலன்னு அந்த மனுசனுக்குத் தெரியாது. அவரு பாசமா ரெண்டு முட்டை அவிச்சுப் போடுவாரு. இன்னும் சொறியும். அப்பறம் திருப்பி அனுப்புவாரு, மூணாவது தடவையா. நான் பாதி வேலைய வேலைன்னு சொல்லி யார் கையிலயும் குடுத்ததில்ல அம்மிணி. ஒரு தடவ அப்படி உட்டு, ஒரு மூலைக் குஞ்சு செத்ததப் பாத்திருக்கறேன்."

"வெயிலுக்கு என்னக்கா பண்றது?"

"இந்த ஊர்ல கோழிய எப்படி வெயில்ல காப்பாத்தறோம்? வெயிலு எம்பொறுப்பு. போ."

சொன்னபடி செய்தார். வடக்குப் பக்கம் விதை போட்டு வைக்கிற அறையைக் காலி செய்தார். ஓட்டின்மேல் தென்னங்கீற்று பரப்பி, நாச்சிமுத்து இழுத்துக் கொடுத்த குழாயில் ஓட்டை போட்டு, பண்ணைக் கொட்டகைக்குச் செய்வதுபோலக் கூரையில் தண்ணீர் தெளிக்க வைத்தார். சன்னலிலும் வாசலிலும் கோணிப்பை கட்டி, நாளுக்கு நாலு தரம் நனைத்தார். கோணிக்குப் பின்னால் ஒரு மேசை விசிறி. மருந்து கொண்டுபோகிற தெர்மாகோல் பெட்டியின் ஐஸ் பைகளில் இரண்டு, வேலை முடிந்ததும் டேங்கரின் அறைக்கு வந்துவிடும். பொழுது கிளம்பும் முன்னும் விழுந்த பின்னும் மட்டும் நாய் வெளியே வரும். செட்டுப் பெண்கள் கேலி பேசினார்கள். "அக்கா ஊட்டு நாயிக்கு ஏசி ரூமு. நம்ம ஊட்டுக்காரனுக்குப் பேனே இல்ல." வசந்தாமணிக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

பங்குனி கடைசி வாரத்தில் ஒருநாள் மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. காற்றும் நின்றது. விசிறி ஓடாததால் கோணியின் ஈரம் உள்ளே புழுக்கமாகத் திரண்டது. கிணற்றடியிலிருந்த வசந்தாமணிக்கு மூச்சுச் சத்தம் கேட்டது. அது குறட்டை இல்லை. அறைக்குள் பாய்ந்தார். டேங்கர் நாலு காலையும் பரப்பிக் கிடந்தது. வாய் பிளந்து, கயிறுபோல எச்சில் வழிந்தது. தொங்கிய நாக்கின் நுனி நீலமாக இருந்தது.

இருபத்து நாலு வருடம் நாக்கில் நீலத்தைத் தேடித் தேடிப் பார்த்து, பார்த்ததும் மனம் குளிர்ந்த பெண் அவர். அன்று அந்த நீலத்தைப் பார்த்ததும் கை ஒரு நொடி நின்றுவிட்டது.

ஒரு நொடிதான். கோணியை அறுத்து எறிந்தார். நாயை இழுத்து வேப்பமர நிழலுக்குக் கொண்டுவந்தார். தொட்டித் தண்ணீரை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றினார். ஐஸ் பைகளைத் துணியில் சுற்றி அக்குளில் வைத்தார். போனைத் தரையில் போட்டு, மருத்துவரின் குரல் கேட்கும்படி செய்துவிட்டு, கையில் அகப்பட்ட முட்டை அட்டையால் விசிறத் தொடங்கினார்.

"நாக்கு என்ன நிறம்ங்கம்மா?"

"நீலம்ங்க."

"விசிறிக்கிட்டே இருங்க. தண்ணிய வாய்க்குள்ள ஊத்தாதீங்க, பொறையேறிடும்."

"இப்ப?" மறுபடி மருத்துவர் கேட்டார்.

"நீலந்தாங்க."

கை மாற்றாமல் விசிறினார். எத்தனை நேரம் என்று பார்க்கவில்லை. நாக்கை மட்டும் பார்த்தார். நீலம் கறுத்த சிவப்பாகி, சிவப்பு வெளுத்து, கடைசியில் ரோசாப்பூ நிறம் வந்தது. டேங்கர் வாயை மூடி, எச்சிலை விழுங்கி, அவர் மடியில் தாடையை வைத்தது.

"செவந்திருச்சுங்க டாக்டரு" என்றார். அதற்குப் பிறகுதான் முட்டை அட்டையைக் கீழே வைத்தார்.

மறுநாளே ஒரு பழைய லாரி பேட்டரியைக் கொண்டுவந்து, கரண்ட் போனாலும் விசிறி ஓட வழி செய்தார் நாச்சிமுத்து. "டேங்கருக்கு பேட்டரி இல்லாம எப்படி?" என்றார். அதற்குப் பிறகு அந்த விசிறி நிற்கவில்லை.

சித்திரை ஆறு. வட்டத்தின் கடைசி நாள். சிவபிரகாஷ் டேங்கரை மேசைமேல் ஏற்றி, காதைத் திருப்பிப் பார்த்தார். வயிற்றைத் தடவினார். சிவப்பு இருந்த இடமெல்லாம் பாலும் பழுப்புமாக மயிர் முளைத்திருந்தது. கண்ணில் செருகிய பட்டையில் ஈரம் பதினாலு கோடு ஏறியது.

"பொதுவா இதுக்கு மேல ஒரு நாள் முட்டை குடுத்து, அரிப்பு வருதான்னு சோதிக்கணும். வேண்டாம். உங்க கறிவேப்பிலைச் செடியே சோதிச்சுக் காட்டிருச்சு" என்றார். பிறகு பிரவீனாவிடம் திரும்பினார். "இத்தன வருசத்துல எட்டு வாரத்த முழுசா முடிச்சவங்க ஒரு கை வெரல்ல அடங்குவாங்க. தப்பு நடந்துச்சுன்னு அவங்களே வந்து சொன்ன ஆளு இவங்க ஒருத்தர்தான்." வசந்தாமணி மேசையில் ஒட்டியிருந்த மயிரைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

மறுநாள் வெயில் ஏறுமுன் நாச்சிமுத்துவின் நண்பர் காரில் கிளம்பினார்கள். பின் இருக்கையில் நனைத்த துணிமேல் டேங்கர், பக்கத்தில் வசந்தாமணி. ஏற்காட்டு வளைவுகளில் நாச்சிமுத்து கேஸ் ஏற்றிய லாரியை ஓட்டுவதுபோல ஓட்டினார். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. "அடிக்கட்டும். உள்ள இருக்கற சரக்கு அப்படி" என்றார். பத்தாவது வளைவுக்கு மேல் குளிர்ந்த காற்று உள்ளே வந்ததும், டேங்கர் எழுந்து சன்னலில் முகத்தை வைத்தது. மடிப்புகளெல்லாம் காற்றில் ஆடின.

சந்திரசேகர் கேட்டருகே காத்திருந்தார். அறுபத்தெட்டு வயது, ஒல்லியான ஆள். கும்பிடும்போதே கை நடுங்கியது. டேங்கர் இறங்கி, அவர் செருப்பை முகர்ந்து, புல்லில் பெருமூச்சோடு படுத்தது.

"வாங்கம்மா. பிரவீனா எல்லாம் சொல்லுச்சு. மீனு, கிழங்கு. எழுதி ஒட்டியிருக்கேன்."

வசந்தாமணியின் பார்வை அவரைத் தாண்டி, வாசலோரம் வரிசையாகப் பூத்திருந்த ரோஜாச் செடிகளில் நின்றது.

"ஏனுங்க, ரோஜாவுக்கு என்ன ஒரம் போடறீங்க?"

"ஒரமெல்லாம் இல்லம்மா. டீத்தூளு, முட்டை ஓடு..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டி எங்கே என்று கேட்டார். பதினோரு செடிக்கும் மேல்மண்ணை மாற்றி முடிக்க ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. அதுவரை கயிறு வசந்தாமணியின் மணிக்கட்டிலேயே சுற்றியிருந்தது.

பிறகு மருந்து. குப்பியை வாங்கிய சந்திரசேகரின் கை ஆடியது. முதல் சொட்டு மூக்கில் விழுந்தது, இரண்டாவது காதில். அவர் முகம் சுருங்கிப்போனது. "இதுதாம்மா எனக்குப் பயம்."

"அந்தரத்துல வச்சா எந்தக் கையும் நடுங்குமுங்க. எறக்கி வைங்க." அவருடைய உள்ளங்கை அடியைப் பிடித்து நாயின் நெற்றிமேல் வைத்தார். "பாரத்த அது மேல போடுங்க. அது தாங்கும். கை நடுங்கட்டும், கையும் தலையும் சேந்து நடுங்கும். அப்ப சொட்டு எங்க போகும்? சுண்டுவெரலால இமையத் தூக்குங்க. இப்ப அமுத்துங்க."

சொட்டு கண்ணுக்குள் விழுந்தது.

சந்திரசேகர் கையை எடுக்கப் போனார்.

"உடாதீங்க. இமைக்கட்டும்."

நான்கு பேரும் காத்திருந்தார்கள், நாயையும் சேர்த்து. டேங்கர் மெதுவாக ஒருமுறை இமைத்தது. கண் தெளிந்து, ஈரமாக, எதிரே குனிந்திருந்த புது முகத்தைப் பார்த்தது.

"இன்னொரு கண்ணு இருக்குதுங்க" என்றார் வசந்தாமணி.

அந்தக் கண்ணுக்கு அவர் எதுவும் சொல்லித் தரவில்லை. சந்திரசேகர் தானே கையை இறக்கி வைத்தார், தானே இமையை உயர்த்தினார், சொட்டு விட்டார், இமைக்கும்வரை காத்திருந்தார். பிறகுதான் கையை எடுத்தார்.

வசந்தாமணி தன் மணிக்கட்டில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து, அவர் கையில் கொடுத்தார்.